இஞ்சின் சூடேறுதா? கைக்காசு கரையாமல் காரணம் கண்டுபிடிக்கக் கைவசம் சில குறிப்புகள்

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறையில் தொழில் செய்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நம்ம முறை வருகிற நாளில் இஞ்சின் படுத்துக்கொண்டால் அன்றைய இறால் போச்சு, அடுத்த முறை வரும்வரை காத்திருக்கவும் வேணும். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிறவர்களுக்குப் பணத்தைவிட உயிர்பயம்தான் பெரிசு. அதனால் லைட்ஹவுஸ் குப்பமோ கூனங்குப்பமோ கோரைக்குப்பமோ, வாசலில் பழைய இஞ்சின் சாய்த்து வைத்திருக்கிற எல்லா வீட்டு அண்ணன் தம்பிகளுக்கும், வீட்டுக் கணக்கைக் கையில் வைத்திருக்கிற அக்கா தங்கைகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கார் தனக்கு வேண்டிய தண்ணீரை ரேடியேட்டரில் சுமந்துகொண்டு ஓடுகிறது. நம்ம அவுட்போர்டு ஏரித் தண்ணீரையே அடியில் உறிஞ்சி, மேலே ஏற்றி, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே விடுகிறது. ஆகவே தண்ணீர் போகிற வழியைக் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டே வாங்க. செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்க, பெரிய செலவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்க.

1. இஞ்சினைக் கிளப்பியதும் முதல் வேலை, பின்பக்கத் துளையில் மெல்லிசாகத் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று திரும்பிப் பார்ப்பது. விரலை நீட்டித் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கணும். விரலை இழுத்துக்கொள்கிற அளவு சுட்டாலோ, ஆவி கிளம்பினாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ உடனே நிறுத்திடுங்க.

2. தண்ணீர் பீய்ச்சுவது நின்றுவிட்டால் பதறாதீங்க, பல சமயம் அடைத்திருப்பது அந்தத் துளை மட்டும்தான். கரையில் நாலு நாள் சும்மா கிடந்த இஞ்சினில் குளவி மண்கூடு கட்டிவிடும், உப்பும் மணலும் சேர்ந்து கட்டியாகிவிடும். இஞ்சினை நிறுத்திவிட்டுத் தடிமனான தங்கூசி நரம்பை உள்ளே விட்டுக் குத்துங்க. இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே முறிந்தால் அதை எடுக்கத் தனிச் செலவு.

3. அடுத்து கீழே தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடை. பாசி, கிழிந்த வலைத் துண்டு, பால் கவர், கேரி பேக் என்று எது வேண்டுமானாலும் அதில் ஒட்டியிருக்கும். இஞ்சினை அணைத்து, தூக்கிச் சாய்த்து, கையால் வழித்து எடுங்க. பழைய டூத் பிரஷ் ஒன்றைப் படகிலேயே கட்டி வைத்தால் இடுக்குவரை சுத்தமாகும்.

4. நம்ம ஏரி ஆழமில்லாத ஏரி. பல இடத்தில் இறங்கினால் இடுப்பளவுதான், கோடையில் அதுவும் குறையும். சேறு கலங்குகிற இடத்தில் இஞ்சினை முடுக்கினால் தண்ணீரோடு மணலும் உள்ளே போய்ப் பம்பை அரைத்துவிடும். அந்த இடங்களில் இஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிப் போங்க. முகத்துவாரத்து மணல்மேட்டில் இது ரொம்ப முக்கியம், அங்கே மணல் வாராவாரம் இடம் மாறும்.

5. இஞ்சின் அளவுக்கு மேல் சாய்ந்திருந்தாலோ, ஐஸ் பெட்டியும் வலையும் மொத்தமாக முன்பக்கம் குவிந்திருந்தாலோ, பின்பக்கம் மேலே தூக்கிச் சல்லடை காற்றை உறிஞ்சும். பாரத்தைப் பின்னால் நகர்த்திப் பாருங்க. பைசா செலவில்லாமல் சூடு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

6. சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. மெதுவாக ஓடும்போது சூடேறி, வேகம் எடுத்ததும் தணிந்தால் தண்ணீரை மேலே ஏற்றுகிற இம்பெல்லர் தேய்ந்திருக்கு என்று சந்தேகப்படுங்க. மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து, வேகம் எடுத்தால் மட்டும் சூடேறினால் தண்ணீர் வழியில் எங்கேயோ அடைப்பு, இல்லை இஞ்சின் மேல் பாரம் அதிகம். மெக்கானிக்கிடம் போவதானாலும் இந்த ஒரு விவரத்தைச் சொன்னால் அவர் தேடுகிற நேரம் மிச்சம், நமக்குக் கூலி மிச்சம்.

7. இதே கணக்கு காருக்கு அப்படியே பொருந்தும். ரெண்டாம் உலகப் போர்க்காலத்து விமானத் தளமாக இருந்த நம்ம சோழவரத்தில்தான் பல வருஷம் கார் பந்தயம் நடந்தது, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வரும்வரை. அங்கே ஓடிய ஃபியட், ஹெரால்ட் மாதிரிப் பழைய கார் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க: நெரிசலில் நிற்கும்போது சூடேறி ஓடினால் தணிந்தால் ஃபேனையும் பெல்ட்டையும் பாருங்க, வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்க.

8. இம்பெல்லர் என்பது கையகல ரப்பர்ச் சக்கரம், இஞ்சினின் உயிரே அதுதான். ஒரு இதழ் கிழிந்தாலும் தண்ணீர் ஏறாது, பிஸ்டன் ஜாம் ஆனால் ஆயிரக்கணக்கில் செலவு. உப்புத் தண்ணீரிலும் மணலிலும் ஓடுகிற இஞ்சினுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிடலாம். பழசு பார்க்க நல்லாத்தானே இருக்கு என்று திரும்பப் போடுவது சிக்கனமே இல்லை.

9. இம்பெல்லரைக் கழற்றும்போது கீழே ஒரு பழைய சேலையை விரிச்சிடுங்க. அதன் தண்டில் நகத்தளவு சாவித் துண்டு ஒன்று இருக்கும், மணலில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. கழற்றியதும் இதழ்களை எண்ணுங்க. ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே போகிற குழாயில் உட்கார்ந்திருக்கும், அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டாலும் சூடு போகாது.

10. புது இம்பெல்லரை உள்ளே நுழைக்க கிரீஸ் தடவாதீங்க, ரப்பர் ஊதிப்போகும். பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் குழைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தண்டு சுற்றுகிற திசையிலேயே திருப்பிக்கொண்டு நுழைத்தால் இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடங்கும். இம்பெல்லர் உட்காருகிற கிண்ணத்தில் நகத்தால் வருடிப் பாருங்க. ஆழமாகக் கீறல் தட்டினால் அதையும் மாற்றத்தான் வேணும்.

11. விலை பேச வந்தவருக்குச் சத்தம் காட்ட என்று கரையில் தண்ணீர் இல்லாமல் இஞ்சினைக் கிளப்பவே கிளப்பாதீங்க. அரை நிமிஷம்கூட வேண்டாம், ரப்பர் கருகிவிடும். டிரம்மில் சல்லடை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காட்டுங்க.

12. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிஷம் ஓடவிட்டால் உள்ளே உப்பு படியாது. நல்ல தண்ணீர் நமக்குக் குடிக்கவே பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிற பொருள், அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரை இரண்டு டிரம்மில் இஞ்சினுக்கென்றே பிடித்து மூடி வைங்க. ஒரு தடவை ஓட்டிய தண்ணீரைக் கொட்டாமல் மேலே மிதக்கிற எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம்.

13. அந்த டிரம் தண்ணீர் எப்போது மாற்றணும்? ஒரு சொட்டு எடுத்து எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் வைங்க. காய்ந்த இடத்தில் வெள்ளையாகத் தடித்த வட்டம் நின்றால் உப்பு ஏறிவிட்டது, மாற்றிடுங்க. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் புகையெண்ணெய் கலந்திருக்கும். போர் தண்ணீர் இஞ்சினுக்கு ஆகுமா என்று பார்க்கவும் இந்தத் தட்டு போதும்.

14. கோடையில் டிரம் வேலையைத் தள்ளிப்போடாதீங்க. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வெயில் காலத்தில் முகத்துவாரம் தூர்ந்துபோனால் ஏரித் தண்ணீர் வற்றி, கடலைவிட உப்பாகிவிடும். மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும்போது இஞ்சினுக்கும் கொஞ்சம் நல்ல காலம்.

15. படகு இஞ்சின் தெர்மோஸ்டாட் சுமார் 50 முதல் 60 டிகிரிக்குள் திறந்துவிடும், கார் தெர்மோஸ்டாட் 80 டிகிரியைத் தாண்டித்தான் திறக்கும். சூடு அதிகமானால் தண்ணீரில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் உள்ளே பக்குக் கட்டும் என்பதால்தான் படகுக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அளவு பொருந்துகிறது, விலை குறைவு என்று கார் தெர்மோஸ்டாட்டை மாட்டிடாதீங்க.

16. தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று அடுப்பங்கரையிலேயே பார்த்திடலாம். அதன் வாயை லேசாகத் திறந்து ஒரு நூலைக் கவ்வவிட்டு, சமையலுக்குப் புழங்காத பழைய பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை ஏற்றுங்க. அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டத் தொடங்குகிற சூட்டில் வாய் திறந்து நூலிலிருந்து நழுவி விழணும். தளதளவென்று கொதித்தும் நூலைக் கவ்விக்கொண்டே இருந்தால் சூட்டுக்குக் காரணம் கிடைச்சாச்சு.

17. “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுட்டா சூடே ஏறாது” என்று ஊரில் சொல்வார்கள். அவசரத்துக்குக் கரை சேர அது சரி. நிரந்தரமாக எடுத்துவிட்டால் இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும், எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். தெர்மோஸ்டாட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் எண்ணெயில் போய்விடும்.

18. கழற்றிய தெர்மோஸ்டாட்டில் வெள்ளைப் பக்குப் பிடித்திருந்தால் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்க, பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற அதே வேலைதான். இஞ்சினுக்குள் மட்டும் பாத்ரூம் ஆசிட் ஊற்றவே கூடாது. உப்பைக் கரைக்கிற அதே ஆசிட் அலுமினியத்தையும் தின்றுவிடும், அப்புறம் இஞ்சினைக் காயலான் கடையில்தான் போடணும்.

19. இஞ்சினின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். அது தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். பாதி கரைந்ததும் மாற்றுங்க, அழகுக்காக அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீங்க.

20. தண்ணீர் நன்றாகப் பீய்ச்சியும் சூடு குறையவில்லையா? பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்க. காபிப் பொடி நிறம் இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் எரிபொருள் போதாமல் உள்ளே சூடு மீறுகிறது, ஈரக் கறுப்பாக இருந்தால் எண்ணெய் அதிகம் போகிறது.

21. எரிபொருள் போதாமல் போவதற்கு முதல் காரணம் கேன் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்க மறப்பது. அடுத்த காரணம் கேனில் இறங்கிய தண்ணீரும் தூசியும். வாங்கிய எண்ணெயை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மறுநாள் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் ஒரு விரற்கடை விட்டுவிட்டு ஊற்றுங்க.

22. இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சினுக்கு ஆயில் கலப்பதில் சிக்கனம் பார்க்கவே பார்க்காதீங்க. ஐம்பதுக்கு ஒன்று என்று இஞ்சின் புத்தகத்தில் போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 5 லிட்டருக்கு 100 மில்லி. மண்ணெண்ணெயில் ஓடுகிற இஞ்சினுக்குக் கணக்கு வேறு, அதன் புத்தகத்தில் சொன்னபடி கலங்க. பழைய பாட்டிலில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தால், விடிகாலை இருட்டில் டார்ச் வெளிச்சத்திலும் அளவு தவறாது.

23. புரொபெல்லரை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்க. அதன் பின்னால் அறுந்த நரம்பும் கயிறும் சுற்றிக்கொண்டிருந்தால் இஞ்சின் கூடுதல் பாரம் இழுக்கும், ஆயில் சீலும் அறுபடும். வளைந்த இதழும் சூட்டைக் கூட்டும்.

24. நீளத் தண்டு வைத்த டீசல் இஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு: காற்றில் குளிர்கிற மாடலாக இருந்தால் உங்களுக்கு இம்பெல்லர் கவலை இல்லை, ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ்களுக்கு நடுவில் உப்பும் மீன் செதிளும் ஆயிலும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். இஞ்சின் ஆறியபிறகு பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து எடுங்க. இஞ்சினுக்குப் பெட்டி செய்திருந்தால் காற்றுப் போக வர ரெண்டு பக்கமும் வழி விடுங்க, ஓடும்போது ஈர வலையையோ தார்ப்பாயையோ அதன்மேல் போடாதீங்க.

25. டீசல் இஞ்சின் கறும்புகை விட்டுக்கொண்டே சூடேறினால் காற்று ஃபில்டர், பாரம், நாசில் என்ற வரிசையில் பாருங்க. ஃபில்டரும் பாரமும் நம்ம கையில் இருப்பவை, நாசிலுக்கு மட்டும் கடைக்குப் போனால் போதும்.

26. கொதிக்கிற இஞ்சின்மேல் வாளித் தண்ணீரைச் சட்டென்று ஊற்றாதீங்க, ஹெட் விரிசல் விட்டுவிடும். கை வைத்துத் தாங்குகிற அளவுக்குத் தானாக ஆறட்டும்.

27. கொரோனா சமயத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கிற காய்ச்சல் துப்பாக்கியை இஞ்சினுக்குப் பிடித்துப் பிரயோஜனம் இல்லை, காய்ச்சல் அளவுக்கு மேல் அது காட்டாது. ஹெட்டின் வெளிப்பக்கம், பிளக் வயரை விட்டுத் தள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிங்க. உட்கார்ந்து மெதுவாகக் காய்ந்தால் பயமில்லை, சுர்ரென்று துள்ளித் தெறித்தால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. இரண்டு சிலிண்டர் இஞ்சினில் இரண்டு பக்கமும் தெளித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கோளாறு என்பதும் தெரிந்துபோகும்.

28. பின்பக்கத் துளையில் தண்ணீர் காற்றுக் குமிழியோடு விட்டுவிட்டு வந்து, பிளக்கைக் கழற்றினால் நுனியில் ஈரமும் இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இது வீட்டு வேலை இல்லை. மேற்கொண்டு ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொடுங்க, கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்க.

29. இம்பெல்லர் மாற்றிய தேதி, ஆயில் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி எல்லாவற்றையும் சமையல்கட்டு மாதக் காலண்டரிலேயே எழுதிடுங்க. கேஸ் சிலிண்டர் வந்த தேதியை எழுதுகிற அதே அக்கா இதையும் பார்த்துக்கொண்டால் ஒன்றும் விட்டுப்போகாது.

30. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வருமானம் போகிறதே என்று மனசு கஷ்டப்படுகிற நாள்தான். அந்த நாளை டிரம்மில் ஓட்டவும், சல்லடை சுத்தம் பண்ணவும், தெர்மோஸ்டாட்டை அடுப்பில் சோதிக்கவும் ஒதுக்கினால், தொழிலுக்குப் போகிற நாள் எதுவும் இதற்காக வீணாகாது.

31. புயல் எச்சரிக்கையிலோ வேறு காரணத்திலோ பல நாள் இஞ்சினைச் சும்மா வைக்கிறதானால், நல்ல தண்ணீரில் ஓட்டி, கார்புரேட்டரில் உள்ள எண்ணெய் தீரும்வரை விட்டு, நிமிர்த்தி நிறுத்துங்க. உள்ளே நின்ற தண்ணீர் எல்லாம் வடிந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்க்கும், பழைய பருத்திச் சேலையால் மூடுங்க. பின்பக்கத் துளையில் ஒரு துணித்திரியைச் செருகிவிட்டால் குளவி கூடு கட்டாது, கிளப்பும் முன் மறக்காமல் எடுத்திடுங்க.

32. மூடி இறுகிய பழைய நெய் டப்பா ஒன்றில் ஒரு இம்பெல்லர், அதன் சாவித் துண்டு, ரெண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு முழம் தங்கூசி போட்டுப் படகில் வைங்க. துணியில் ஒரு பிடி அரிசியை முடிந்து உள்ளே போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், துருப் பிடிக்காது.

33. கடலில் இருக்கும்போது சூடேறினால், கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று முடுக்கிக்கொண்டு வராதீங்க. இஞ்சினை நிறுத்தி, நங்கூரம் போட்டு, ஆறவிட்டு, சல்லடையையும் துளையையும் பார்த்து, மெதுவான வேகத்தில் கிளப்புங்க. அப்படியும் முடியவில்லை என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புப் போலீசுக்கு 1093. ரெண்டு நம்பரையும் இன்றைக்கே படகின் உள்பக்கம் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் பெயிண்டில் எழுதி வைத்திடுங்க.